கேட்டதும் வந்ததும் ஒரே ஆல்பம் அல்ல: தவறான இசைத்தட்டு குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஜேபீஸ் குழுவின் இசைத்தட்டுக்குப் பதிலாக வேறு தட்டு அனுப்பப்பட்டது, புகாருக்குக் கிடைத்த பதில் ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பக்கவாத்தியக் குழுவான ஜேபீஸின் ‘தீஸ் ஆர் த ஜேபீஸ்’ என்ற வினைல் தட்டுக்காகத் தங்கள் இணையக் கடையில் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தேன். வந்து சேர்ந்ததோ அதே குழுவின் பெயரில் வெளிவந்த ‘ஃபுட் ஃபார் தாட்’. அட்டைப்பெட்டியைத் திறந்தவுடனேயே தலைப்பு மாறியிருப்பது தெரிந்ததால், தட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், படங்களுடன் தங்களுக்கு எழுதினேன். பொருள் மாறிப்போவது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். அதற்காக மட்டும் இவ்வளவு நீண்ட கடிதம் எழுத மாட்டேன். இரண்டுமே குழுவின் முதல் ஆல்பம்தான் என்றும், நான் விரும்பிய இசை இதிலும் இருக்கிறது என்றும், ஆகவே இதைத் தவறான பொருளாகக் கருத இயலாது என்றும் தங்கள் பிரிவு அளித்த பதிலே என்னை மீண்டும் எழுத வைத்திருக்கிறது.

அந்தப் பதில் எவ்வளவு பிழையானது என்பதை அறிய, நான் கேட்ட ஆல்பம் எப்படி உருவாகி எப்படி முடங்கியது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1970 மார்ச்சில், சம்பளம் உள்ளிட்ட காரணங்களால் ஜேம்ஸ் பிரவுனுடன் முரண்பட்டு, அவருடன் வாசித்துவந்தவர்களில் பெரும்பாலோர் விலகினார்கள். அந்த இடத்தை நிரப்புவதற்காக, சின்சினாட்டியில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் குழு ஒன்றை அவர் அவசரமாக வரவழைத்தார். அவர்களே ஜேபீஸ் ஆனார்கள். பேஸ் கித்தார் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு அப்போது வயது 18. அவருடைய அண்ணன் கேட்ஃபிஷ் காலின்ஸ் கித்தார் வாசித்தார். ‘சூப்பர் பேட்’ போன்ற பிரவுனின் அந்த ஆண்டுப் பாடல்களில் பேஸ் கித்தார் பின்னணியிலிருந்து முன்னுக்கு வந்து நின்றதற்கு இந்தச் சகோதரர்களின் வருகையே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. தாளத்தை முன்னிறுத்தும் இந்த ஃபங்க் இசையைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அந்த இளைஞர்கள் பிரவுனின் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இல்லாமல் தங்கள் போக்கில் நீளமாக வாசித்த பதிவுகளைத் திரட்டித்தான் கிங் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக இந்த ஆல்பம் தயாரிக்கப்பட்டது. ஒலித்தரத்தைச் சரிபார்ப்பதற்காக ஆலையில் அடிக்கப்படும் மாதிரித் தட்டு வரை வேலை சென்றது. ஆனால் 1971-இல் காலின்ஸ் சகோதரர்கள் பிரவுனை விட்டு விலகினார்கள். அதே ஆண்டில் பிரவுனும் கிங்கை விட்டு பாலிடார் என்ற நிறுவனத்துக்குப் போனார். வாசித்தவர்களும் பிரிந்து, வெளியிட வேண்டிய நிறுவனத்துடனான தொடர்பும் அறுந்துபோன நிலையில், ஆல்பம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. நவ்-அகைன் என்ற வெளியீட்டாளர் வழியாக அது கடைக்கு வந்தது 2014-இல், அதாவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதற்குள் பிரவுன் 2006-இலும் கேட்ஃபிஷ் 2010-இலும் காலமாகிவிட்டார்கள்.

தாங்கள் எனக்கு அனுப்பிய ‘ஃபுட் ஃபார் தாட்’ 1972-இல் பிரவுனின் சொந்த வெளியீடான பீப்பிள் ரெக்கார்ட்ஸில் வந்தது. அதன் முகமாக விளங்குபவர் டிராம்போன் வாசித்த ஃப்ரெட் வெஸ்லி. ‘பாஸ் த பீஸ்’, ‘கிம்மி சம் மோர்’ ஆகியவை அதில்தான் இருக்கின்றன. நல்ல ஆல்பம், அதைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. குழுவின் முதல் ஆல்பமாக அதுவே கடைக்கு வந்தது என்பதும் உண்மை. ஆனால் முதலில் பதிவானது ஒன்று, முதலில் விற்பனைக்கு வந்தது மற்றொன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அண்ணனைக் கேட்டு வந்தவரிடம் தம்பியை நிறுத்தி, குடும்பப் பெயர் ஒன்றுதானே என்று சொல்வது போலிருக்கிறது தங்கள் விளக்கம்.

நான் விரும்பிய இசை இதிலும் உள்ளது என்ற வாதத்தில் பாதி உண்மை இருப்பதை மறைக்க விரும்பவில்லை. ‘தி கிரண்ட்’, ‘தீஸ் ஆர் த ஜேபீஸ்’ என்ற இரண்டு உருப்படிகள் இரு ஆல்பங்களிலும் உண்டு. பப்ளிக் எனிமி என்ற ராப் குழு 1987-இல் எடுத்தாண்டு உலகெங்கும் பரப்பிய, ‘தி கிரண்ட்’டில் வரும் அந்தச் சாக்ஸபோன் அலறலை மட்டும் தேடி வருபவருக்குத் தாங்கள் அனுப்பிய தட்டே போதுமானதாக இருக்கலாம். நான் பணம் கட்டியது அதற்காக அல்ல. ‘ஐல் ஸீ’ என்ற உருப்படியும், ‘வென் யூ ஃபீல் இட் கிரண்ட் இஃப் யூ கேன்’ என்ற நீண்ட மெட்லியும் (பல மெட்டுகளை ஒன்றாகக் கோத்த உருப்படி) 1972 ஆல்பத்தில் கிடையாது. பாடகர் குறுக்கிடாமல் ஒரே தாளக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் அந்தக் குழு எவ்வளவு தூரம் போகும் என்பது இவற்றில்தான் தெரிகிறது. முடங்கிக் கிடந்த ஆல்பத்தை இத்தனை காலத்துக்குப் பிறகும் பலர் தேடியதற்கு அதுவே காரணம்.

இக்குழப்பத்தின் வேர் தங்கள் தளத்திலேயே இருப்பதாகத் தெரிகிறது. இரண்டு ஆல்பங்களும் ‘ஜேபீஸ், முதல் ஆல்பம்’ என்ற ஒரே பதிவின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. மேலே ஒன்றின் அட்டைப்படம் இருக்கிறது. கீழே மற்றொன்றின் ஆண்டும் கலைஞர் பெயர்களும் இருக்கின்றன. பூட்ஸியின் பெயரோ கேட்ஃபிஷின் பெயரோ எங்குமே இல்லை. இந்நிலையில் கிடங்கில் பொதி கட்டுபவர் கைக்கு எட்டிய தட்டை எடுத்து வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எனவே, தாங்கள் அனுப்பிய தட்டைத் தங்கள் செலவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டு, நான் கேட்ட 2014 வெளியீட்டை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இருப்பில் இல்லையெனில், அஞ்சல் கட்டணம் உட்பட நான் செலுத்திய முழுத் தொகையையும் என் வங்கிக் கணக்கிலேயே திருப்பிச் செலுத்த வேண்டும். அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளலாம் என்று தாங்கள் அனுப்பிய தள்ளுபடிக் கூப்பனை நான் ஏற்கவில்லை. நான் கொடுத்தது பணம். தளத்தில் இரு ஆல்பங்களையும் தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்து, அவற்றின் ஆண்டையும் கலைஞர் பெயர்களையும் திருத்துவதும் அவசியம். பணம் செலுத்திய ரசீதும், தங்கள் பதில்களின் நகல்களும், பிரிக்கப்படாத தட்டின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இம்மாத இறுதிக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்