அந்த 11 கிலோமீட்டர் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கமுங்க. டயர் மாற்ற வந்த புது வண்டியை நாங்கள் விரட்டிக் கெடுத்துவிட்டோம் என்று, என்ஜின் சத்தத்தோடு ஒரு வாரமாக கோவை கார் குரூப்புகளில் சுற்றும் அந்த 15 நொடி வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். கடைப் பெயரைப் போடாமல் 'ஒண்டிப்புதூர்ல ஒரு ஒர்க் ஷாப்' என்று எழுதியிருக்கிறார்கள், நாம்தான் என்று யாருக்குத் தெரியாது! போன் எடுத்து எடுத்து ஒரே கதையைச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வந்தது புது பிஎம்டபிள்யூ எம்2. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு குழியில் இறங்கி, முன் இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் மாதிரிப் புடைத்திருந்தது. முன்பக்கம் 275/35 ஆர்19 டயர், பக்கச் சுவர் அவ்வளவு குட்டை, குழியில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள ரப்பரே இல்லை. உள்ளே நூல் அறுந்துதான் வெளியே புடைக்கிறது, அதை ஒட்டெல்லாம் போட முடியாது. முன் இரண்டு டயரையும் மாற்றி, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்துக் கொடுத்தோம். வரும்போது மீட்டரில் 1,412. போகும்போது 1,423. இந்த 11 கிலோமீட்டரில் நாங்கள் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டி என்ஜினைக் கெடுத்துவிட்டோமாம்.

டயர் ரேட் ஜாஸ்தி என்று சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். ரன்னிங்-இன்னில், அதாவது புது என்ஜினைப் பழக்குகிற காலத்தில், இருக்கும் வண்டியை நான் முறுக்கினேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. புது வண்டி எடுத்து வரும் ஒவ்வொருவரிடமும் டீ ஆறிப்போகும்வரை இதையே பாடம் நடத்துகிறவன் நான், உங்களில் பாதிப் பேர் கேட்டு அலுத்தவர்கள். பிஎம்டபிள்யூவின் 'எம்' வகை வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கிறது: முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம் தாண்டக் கூடாது, வேகம் 170க்கு மேல் போகக் கூடாது, ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்கக் கூடாது. அதற்காக பைபாஸில் 80லேயே பிடித்துக்கொண்டு போவதும் தப்பு, வேகம் மாறி மாறி ஓட்ட வேண்டும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும், பின்னால் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் பல்லும் பல்லும் ஒன்றோடொன்று பழகுகிற காலம் அது. அதில் உதிரும் பொடி ஆயிலில்தான் வரும், அதனால்தான் 2,000இல் இரண்டு ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்த சர்வீஸை மட்டும் என்னிடம் கொண்டு வராதீர்கள், ஷோரூமில் செய்யுங்கள் என்று நானே திருப்பி அனுப்புகிறேன். வர வேண்டிய காசை விட்டுவிட்டுச் சொல்கிறேன் ஐயா!

இப்போது அந்தச் சத்தம். வீடியோவில் கேட்பது காலை 6 மணிக்கு ஆறிக் கிடந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சத்தம். குளிர்ந்த என்ஜின் முதல் ஒரு நிமிடம் ஐடிலை (நின்றபடி ஓடும் வேகத்தை) தானே ஏற்றிக்கொள்ளும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடானால்தான் புகை சுத்தமாகும் என்பதற்காக. ஆக்சிலரேட்டரில் நான் காலைக்கூட வைக்கவில்லை. இந்த வண்டி வைத்திருக்கிற வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், தினமும் காலையில் அவருக்கு அதுதான் அலாரம். அப்புறம், ஆயில் சூடாகாமல் முறுக்கினால்தான் டர்போவுக்கு ஆபத்து, ரன்னிங்-இன் முடிந்த வண்டிக்கும் இதே கதைதான். டாஷ்போர்டில் தண்ணீர் சூடு காட்டுவதை நம்பாதீர்கள், ஆயில் அதற்குப் பின்னால்தான் மெதுவாகச் சூடாகும்.

சரி, ஓட்டியே ஆக வேண்டுமா? ஆமாம். அலைன்மென்ட் மெஷின் திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டினாலும் ரோட்டில் ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று கை சொன்னால்தான் தெரியும். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் போகும், அதுவா, அலைன்மென்ட் கோளாறா என்று பிரித்துப் பார்க்க நேரான ரோடு வேண்டும். அதற்குத்தான் சிந்தாமணிப்புதூர் வழியாக எல் அண்ட் டி பைபாஸ் போய்த் திரும்பினோம். வந்ததும் வீல் போல்ட் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 140 நியூட்டன் மீட்டருக்கு மறுபடி சரிபார்த்தேன், ஓடிய பிறகு பார்ப்பதுதான் முறை. புது டயரில் முதல் 300 கிலோமீட்டர் பிடிமானமும் முழுசாக இருக்காது, வழுக்கும். அதில் 480 குதிரை சக்தி, அதுவும் பின் சக்கரத்துக்கு மட்டும் போகிற வண்டியை யாராவது விரட்டுவானா? எனக்கும் குடும்பம் இருக்கிறது. (அவிநாசி ரோடு மேம்பாலம் திறந்த பிறகு, 10 கிலோமீட்டர் சிக்னல் இல்லை என்று ராத்திரி அங்கே அழுத்துகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆசை இருந்தால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது, நம் வண்டியை ஓட்ட விடும் டிராக் டே பார்த்து ரன்னிங்-இன் முடிந்த பிறகு போங்கள்.)

வீடியோ எடுத்தது என் அக்கா மகன். திரும்பும்போது கடைசி 2 கிலோமீட்டர் அவன் ஓட்டினான், லைசென்ஸ் இருக்கிறது, 40ஐத் தாண்டவில்லை. ஸ்டேட்டஸ் வைத்ததுதான் வினை. இனி டெஸ்ட் டிரைவுக்கு முன்பே போன் செய்து கேட்டுவிட்டு, மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். அந்த வண்டிக்காரரிடமும் பேசியிருக்கிறேன், அலைன்மென்ட் காசு திரும்பக் கொடுத்தாயிற்று.

இந்த ஒரு வாரத்தில் எதுவும் கேட்காமல், 'அண்ணா, செவ்வாய்க்கிழமை வண்டி விடலாமா' என்று மட்டும் மெசேஜ் போட்டவர்கள் 20 பேருக்கு மேல் இருப்பீர்கள். மாருதி 800 காலத்திலிருந்து வருகிற ஒருவர் வாசலில் வந்து நின்று, 'சாவியை வாங்குங்க, பேச்சு வேண்டாம்' என்றார். கண் கலங்கிவிட்டது. ரொம்ப நன்றிங்க.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து லேபர் சார்ஜ் கொஞ்சம் கூடுகிறது, லிஸ்ட் கவுன்டரில் ஒட்டியிருக்கிறது. டயர் வேலைக்கு வருகிறவர்கள் லாக் போல்ட் சாவியை (சக்கரம் திருடு போகாமலிருக்கப் போடும் போல்ட்டைக் கழற்றுவது) தேடி எடுத்து வாருங்கள், போன வாரம் மட்டும் மூன்று வண்டி அதற்காகவே திரும்பிப் போனது. பெரும்பாலும் டிக்கியில் டூல் கிட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.