‘இந்த செட் முடியட்டும்ணே’ என்ற தம்பிக்கு

அபுதாபி, முசஃபா சொந்தங்களுக்கு,

காணாமல் போயிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளை பத்திரமாக வந்துவிட்டார். அவர் ஒரு அரபி வீட்டு மகன், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்; நான் அந்த வீட்டில் டிரைவர். அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் எனக்குப் பிள்ளைதான். போட்டோவை வாட்ஸ்அப்பில் விடாமல் அனுப்பியவர்கள், சவாரியை விட்டுவிட்டுத் தேடிய டாக்சிக்காரர்கள், கஃபட்டேரியா சேட்டன்கள், பக்காலா (மளிகைக் கடை) பையன்கள், பொறுமையாகப் பேசிய போலீஸ்காரர்கள், எல்லாருக்கும் அந்தக் குடும்பத்தின் சார்பில் நன்றி. போட்டோவை இனி அழித்துவிடுங்கள்.

முசஃபாவில் கடைகளுக்குப் பின்னால் வாலிபால் ஆடும் தம்பி, உன் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். நாங்கள் பதறிக்கொண்டு வந்து இறங்கினால், இவர் உங்கள் டீமில் நின்று ஆடிக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டதும் நீ சொன்னாய்: “இந்த செட் முடியட்டும்ணே. அவர் போனா ஒரு ஆள் குறையும்.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பேர் அலைகிறோம், இவனுக்கு செட்டா முக்கியம்? அவருடைய அம்மா என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். “கல்லி, கல்லி” என்றார். விடு, ஆடட்டும் என்று. அழுத கண்ணோடு வண்டியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

இவர் போட்ட சர்வீஸ் நெட்டில் விழுந்தது. பாவம், இன்னொன்று போடட்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாயிண்ட் எதிர் டீமுக்குப் போனது. இவர் தலையில் அடித்துக்கொண்டார், மற்ற பையன்கள் மாதிரியே.

வீட்டில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. காலையில் இவரைப் போன்றவர்களுக்கான சென்டர், மதியத்துக்கு மேல் டிவி, போன். மஜ்லிஸுக்கு, அதாவது வீட்டு வரவேற்புக் கூடத்துக்கு, வருகிற விருந்தாளிகள் அன்பாகக் கை கொடுப்பார்கள், அப்புறம் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மாலுக்குப் போனால் கூட அம்மா, இல்லை நான். கூட்டாளி என்று ஒருவர் வந்து கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. இதே அபுதாபியில் 2019 மார்ச்சில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகப் போட்டி நடந்தது. இவரைப் போன்ற 7,000க்கும் மேற்பட்டவர்கள் வந்து ஆடினார்கள். அதில் ‘யூனிஃபைட்’ என்று ஒரு வகை உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவது. நாங்கள் இவரைக் கூட்டிப்போய் கேலரியில் உட்காரவைத்துப் பார்க்கத்தான் வைத்தோம். களத்தில் இறக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த முறையைப் பற்றிக் கேள்விகூடப்பட்டிருக்காத நீங்கள், வேலை முடிந்த களைப்போடு, பார்க்கிங்கில் அதைச் செய்துவிட்டீர்கள். ஆள் குறைந்ததால்தான் சேர்த்தோம் என்றாய். அந்தக் காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அம்மா சம்மதித்துவிட்டார். இனி ஞாயிறு சாயங்காலம் நானே கூட்டிவருகிறேன், எனக்கு வேலை இருக்கும்வரை இது தவறாது. சர்வீஸ் தனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார், முறை வந்தால் மட்டும் கொடுங்கள். தோற்றால் கொஞ்ச நேரம் பேசமாட்டார், கண்டுகொள்ள வேண்டாம். பெப்சி கேட்டால் மட்டும் தராதீர்கள். டாக்டர் கூடாது என்றிருக்கிறார்.