பெயரைத் தேடுமுன் தோட்டத்தைத் தேடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த நம் மலையகத் தமிழரின் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்துக்குப் பிறகு, எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் பூர்வீகம் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தாத்தாவின் அப்பாவோடு வழி அடைபட்டுவிடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி. தொழிலாளர் பெயர் எழுதும் தோட்டத்துப் பதிவேடான செக்ரோல் ஒன்றிலேயே எத்தனை ராமசாமி, எத்தனை மாரியாயி!

அதனால் முதலில் தோட்டத்தின் கதையைத் தேடுங்கள். அது காப்பிக்கு வெட்டிய தோட்டமா, தேயிலைக்கு வெட்டியதா? 1869இல் காப்பியில் இலைநோய் விழுந்து, இருபது வருடத்துக்குள் காப்பி அநேகமாக ஒழிந்தே போனது, சனங்களும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார்கள், ஆகவே இன்றைக்கு இருக்கிற தோட்டத்திலேயே எல்லாத் தலைமுறையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கள் அப்பாயி, தன் பாட்டி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்ததாகச் சொல்வார். அவர்கள் வந்த பாதைகளைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தப் பேச்சுக்கு ஒரு காலம் கிடைத்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் அதற்கு ரயிலும் வந்துவிட்டன. நடந்து வந்தவர் அதற்கு முந்தியவர்தானே? கப்பலேற்றுமுன் இந்தியக் கரையில் மண்டபம் கேம்பில் தங்கவைத்ததைச் சொல்கிற குடும்பங்கள் பிந்தி வந்தவை. ஒரு கடதாசியும் இல்லாமலே இவ்வளவு தெரிகிறது.

அப்புறம் ஊர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்த பெரிய கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊர்ப்பக்கமும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், வருடா வருடம் சுண்ணாம்பு பூசி மூடிப்போன ஒரு கல் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இருட்டினபிறகு பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தோம், எழுத்து ஒவ்வொன்றாக எழும்பியது: பெரிய கங்காணியின் பெயர், கீழே திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா. அது அவருடைய ஊர்தான், எங்களுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் குலசாமியையும் அந்தத் தாலுகாவையும் சேர்த்துப் பார்த்தால் தேடவேண்டிய கிராமங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை ஆகிவிட்டன.

வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பிரஜாவுரிமைக் கடதாசிகளைத் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டவர்கள், 1946க்கு முன்னால் தொடர்ந்து இங்கேயே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, மணமானவருக்கு ஏழு வருடம், ஆகாதவருக்குப் பத்து. எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தார்கள் என்பது அதில் இருக்கும்.

உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு தோட்டத்துக்கு அரைப் பத்தி ஒதுக்க முடியுமா? எப்போது வெட்டியது, பெரிய கங்காணி யார், தோட்டத்தின் எந்தப் பிரிவு (டிவிஷன்) எதோடு சேர்ந்தது, கடதாசியில் ஒரு பெயர் இருக்க நம் ஆட்கள் அதை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், இவ்வளவு போதும். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமாரும் கிளார்க்மாரும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு எங்கள் தோட்டத்தைப் பற்றி முதலாவதாக எழுதித்தர நான் தயார்.

ஒரு வாசகர்,
ஹட்டன்