பூடில் வெளுத்தால் சத்துக் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த வாரம் உங்கள் செல்லப்பிராணிகள் பகுதியில் ஒரு வாசகி கேள்வி கேட்டிருந்தார். கன்னங்கரேல் என்று இருந்த பூடில் குட்டி ஒரு வயது ஆவதற்குள் சாம்பல் நிறமாகிக்கொண்டு வருகிறது, நன்றாகத்தான் சாப்பிடுகிறது, துறுதுறுவென்று இருக்கிறது, ஆனாலும் பயமாக இருக்கிறது என்று. சத்துக் குறைவாக இருக்கலாம், வைட்டமின் சொட்டு மருந்தும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பாருங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வேறு இனத்து நாய் என்றால் அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். ஆனால் இது பூடில். முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் சீராக வெளுக்கிற பூடில் குட்டி என்றால் அது சில்வர் பூடிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சில்வர் பூடில்கள் பிறக்கும்போது கருப்புதான். ஆறு வாரம் வாக்கில் முதல்முறையாக முகத்தையும் பாதங்களையும் மழிக்கும்போது அடியில் சாம்பல் தெரியும், பழகிய பிரீடர்கள் அதைப் பார்த்தே இது சில்வர் என்று சொல்லிவிடுவார்கள். உடம்பு முடி அப்படிச் சட்டென்று காட்டிக்கொடுக்காது. பூடிலின் முடி மற்ற நாய்களுக்குப் போல உதிர்ந்து உதிர்ந்து முளைப்பதில்லை, நீளமாக வளர்ந்துகொண்டே போகும், அதனால் பழைய கருப்பு நுனியிலேயே நின்றுவிட, புதிதாக வளர்வது மட்டும் வேரிலிருந்து வெளுப்பாக வருகிறது. ஒவ்வொரு முறை கிளிப்பர் போடும்போதும் நுனி போய்விடுவதால் நாய் ஒரே நாளில் வெளுத்துவிட்ட மாதிரி இருக்கும். முடியை நீளமாக விட்டுவைக்கிற காதும் வாலும் உச்சந்தலையும் கடைசி வரை கருப்பாகவே தெரியும். எங்கள் வீட்டில் இருப்பதும் சில்வர்தான், அதற்குக் காது மடல் தெளிய உடம்பைவிட ரொம்ப நாள் ஆனது. பொதுவாக இரண்டு வயதுக்குள் நிறம் நின்றுவிடும்.

நீலம் என்று சொல்லப்படுகிற வகை இன்னும் மெதுவானது. இரண்டு மூன்று வயது வரை கருப்பு நாய் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், நல்ல வெயிலில் அசல் கருப்புப் பூடில் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினால்தான் வித்தியாசம் புரியும். பிரவுனாகப் பிறக்கிற குட்டிகளிலும் இதே கதை உண்டு. சில பால் கலந்த காபி நிறத்துக்கு வந்து நிற்கும், சில அதையும் தாண்டி வெள்ளி கலந்த பழுப்புக்குப் போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் படிப்படியாக நரைக்க வைக்கும் ஒரு மரபணு. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வேலை செய்யும். முதுமைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கெர்ரி ப்ளூ டெரியர், பியர்டட் கோலி மாதிரி இன்னும் சில இனங்களிலும் குட்டியில் கருமையாக இருந்து பிறகு வெளுப்பது சாதாரணம். கெர்ரி ப்ளூவுக்கு 18 மாதம் வரை நிறம் தெளிய நாய்க் கண்காட்சி விதியே அவகாசம் கொடுக்கிறது.

சிவப்பு, ஆப்ரிகாட் (வெளிர் ஆரஞ்சு) நிறங்கள் வெளுப்பது வேறு வழி. கருப்பும் பிரவுனும் யூமெலனின் என்ற நிறமியால் வருபவை, சிவப்பும் ஆப்ரிகாட்டும் பியோமெலனினால் வருபவை. எம்சி1ஆர் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் முடியில் யூமெலனின் உருவாகாது, தோலில் மட்டும் உருவாகும், அதனால்தான் சிவப்புப் பூடிலுக்கும் மூக்கு பெரும்பாலும் கருப்பாக இருக்கிறது. சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்பதை வேறு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. கேஐடிஎல்ஜி என்ற மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு டிஎன்ஏ துண்டு எத்தனை பிரதிகளாக இருக்கிறது என்பதற்கும் பூடிலின் சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்பதற்கும் தொடர்பு இருப்பதை ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நடைமுறையில் நாம் பார்ப்பது இதுதான்: செக்கச்செவேல் என்று இருந்த குட்டி வளர்ந்து ஆப்ரிகாட் ஆகும், ஆப்ரிகாட் குட்டி கிரீம் ஆகும், காதில் மட்டும் பழைய நிறம் கொஞ்சம் தங்கும். வெளுத்துப்போன பிரவுன் நாயையும் ஆப்ரிகாட் நாயையும் பார்த்துக் குழம்புகிறவர்கள் முடியை விட்டுவிட்டு மூக்கையும் கண் ஓரத்தையும் பாருங்கள். பிரவுன் வழி வந்ததற்கு எவ்வளவு வெளுத்தாலும் மூக்கு பழுப்பாகவே இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், இந்த விஷயம் தெரியாமல் நடக்கிற சண்டைகளும் அதில் அடிபடுகிற நாய்களும்தான். கருப்பு என்று சொல்லி சாம்பலைத் தலையில் கட்டிவிட்டார், சாயம் பூசி விற்றுவிட்டார் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். குட்டி பிறந்த கொஞ்ச நாளிலேயே பதிவுக்கு நிறம் எழுதிக் கொடுத்துவிடுவதால் சான்றிதழில் கருப்பு என்றுதான் இருக்கும், அதில் ஏமாற்று இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் தாயோ தகப்பனோ சில்வர் என்று தெரிந்தும், இது கடைசி வரை கருப்பாகவே இருக்கும் என்று உறுதி சொல்லி விற்பவரை நான் மன்னிக்க மாட்டேன். இரண்டு வயது தாண்டிய பெற்றோரின் நிறம், முடிந்தால் முந்தைய ஈற்றுக் குட்டிகள் வளர்ந்தபின் எடுத்த படம், இவற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் ஒரு நிறத்தின் மேல்தான் ஆசை என்றால் குட்டியை விட்டுவிட்டு, நிறம் நின்றுபோன வளர்ந்த பூடிலைத் தேடுங்கள். உங்களையே சுற்றிச் சுற்றி வரும் ஒரு நாயை நிறம் போய்விட்டது என்று திருப்பிக் கொடுப்பது எனக்குப் பொறுக்க முடியாத காரியம்.

சரி, சொட்டு மருந்து விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கும் நிறத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. டைரோசின், ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலங்கள் போதாமல் போனால் கருப்பு முடி செம்பட்டையாகும், தாமிரம் குறைந்தாலும் நிறம் கெடும். ஆனால் சத்து முழுமையாக உள்ள நாய் உணவைச் சாப்பிடும் குட்டிக்கு இந்தக் குறை வருவது அரிது. வெயிலும் கருப்பு முடியின் நுனியைச் செம்பட்டையாக்கும், ஆனால் வேர் கருப்பாகவே இருக்கும். கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி, அடிக்கடி நக்கும் பாதத்தில் விழும் சிவந்த கறை கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள போர்பிரின் என்ற நிறமியால் வருவது. முடியை விரலால் பிரித்துப் பார்த்து, நுனி கருப்பாகவும் அடி சீரான சாம்பலாகவும் தோல் சுத்தமாகவும் இருந்தால் எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கருப்பாக்காது. மருந்துதான் கெடுதல் செய்யும். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும், தாமிரம் அதிகமானால் கல்லீரலில் சேரும், மீன் எண்ணெய் கூடினால் வயிற்றுப்போக்கு. மனிதர்களுக்கான தலைச் சாயத்தை நாய்க்குப் பூசவே பூசாதீர்கள். தோல் வெந்துவிடும், போதாததற்கு நக்கி விழுங்கியும் வைக்கும்.

மருத்துவரிடம் போகவேண்டிய நிற மாற்றமும் உண்டு, அதையும் உங்கள் பதிலில் சேர்த்திருக்க வேண்டும். முடி மெலிந்து இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி கொட்டுவது, தண்ணீர் அதிகமாகக் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழிப்பது, வயிறு தொங்குவது, காரணமில்லாமல் எடை ஏறிச் சோர்ந்து கிடப்பது, இவற்றோடு நிறமும் மாறினால் தைராய்டு குறைவோ, கார்டிசால் என்ற ஹார்மோன் அளவு மீறுகிற குஷிங் நோயோ இருக்கலாம். குஷிங் அதிகம் வருகிற இனங்களில் பூடிலும் ஒன்று. பெரிய பூடில்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிகிற செபேசியஸ் அடினைட்டிஸ் என்ற நோயும் வருகிறது, அதில் வெள்ளி நிறச் செதில் முடியோடு ஒட்டிக்கொண்டு வரும், சுருள் தளர்ந்து முடி கொட்டும். மூக்கிலோ உதட்டிலோ திடீரென்று வெள்ளைத் திட்டு வந்தாலும் காட்டிவிடுங்கள். ஆனால் சில்வர் பூடிலுக்குக் காயம் பட்ட இடத்திலோ, அறுவை சிகிச்சைக்காக மழித்த இடத்திலோ முடி கருப்பாக முளைத்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அடுத்தடுத்த வளர்ச்சியில் அது தானாக வெளுக்கும்.

இனி முடி, தோல் பற்றிக் கேள்வி வந்தால் நாயின் இனம், வயது, பெற்றோரின் நிறம், முடியைப் பிரித்து வேர் தெரியும்படி எடுத்த ஒரு படம், இவற்றைக் கேட்டு வாங்கி ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகு பதில் போடுங்கள். போன வாரப் பதிலுக்கும் அதே பகுதியில், அதே அளவு இடத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூடில் வளர்க்கும் ஒரு வாசகர்