எட்டயபுரம் புதையல் வேட்டைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எட்டயபுரத்து அண்ணாச்சிமார், ஆச்சிமார், ஆசிரியர்கள், பிள்ளைகளை அனுப்பி வைத்த பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பாரதி பிறந்த வீட்டை மையமாக வைத்து நடத்திய புதிர் வேட்டை நல்லபடியாக முடிந்தது. முதல் நன்றி நினைவில்லத்து ஊழியர்களுக்கு. சுவரில் எதையும் ஒட்டக் கூடாது, படங்களைத் தொடக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அது சரியான சொல். டேப்பை உரித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். ஆகவே துப்புகளை மனிதர்களின் கையில் கொடுத்தோம். வேட்டைக்குக் களை வந்ததே அதனால்தான்.

வீடு, 1947-ல் திறந்த மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடம், உமறுப் புலவர் தர்கா என நான்கு நிறுத்தங்கள். அணிக்கு 5 பேராக 4 அணிகள், அணிக்கொரு நிறுத்தத்தில் தொடங்கி 20 நிமிடத்துக்கொரு முறை மாறினார்கள். எல்லாரையும் வீட்டில் தொடங்க விட்டால் அந்தச் சின்னக் கூடம் தாங்காது. துப்புப் பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்து, விடையைச் சீட்டில் எழுதிக் காட்டியபின் கொடுத்த கடைக்கார அண்ணாச்சிமாருக்கு நன்றி. வாயால் சொன்னால் பின்னால் நிற்கும் அணி கேட்டுவிடும். தர்காவில் பிள்ளைகளை அன்போடு வழிநடத்திய பெரியவர்களுக்கும் நன்றி.

கோவில்பட்டியிலிருந்து வந்த காலித் தீப்பெட்டிகளே துப்புப் பெட்டிகள். கார்த்திகை மார்கழி ஈரத்தில் அட்டை ஊறி உள்தட்டு இறுகிவிடும். ஜெல் பேனா மை பரவிவிடும். பென்சிலில் எழுதி, பெட்டிகளை மூடி போட்ட டப்பாவில் வைப்பதே நல்லது.

புதிரைச் செதுக்கித் தந்த தமிழாசிரியர்களுக்குத் தனி நன்றி. எழுத்துக் கட்டத்தில் மெய் 18 வரிசை, உயிர் 12 பத்தி; வரிசை எண் முன்னே, பத்தி எண் பின்னே; தனி மெய்க்குப் பத்தி எண் 0. நான்கு நிறுத்தங்களில் கிடைத்தவை 11-1, 10-0, 5-9, 1-1. கட்டத்தில் பார்த்தால் ய, ம், டை, க. மெய் சொல்லுக்கு முதலில் வராது, டகரமும் வராது. மிச்சம் இரண்டே எழுத்து. இலக்கணம் தெரிந்த பிள்ளைக்குக் கடையம் என்ற ஊர்ப்பெயர் சட்டென்று கிடைத்துவிடும். ழ, ள, ற, ன வராத சொல்லாகப் பார்த்துத் தேர்ந்ததும் அவர்கள்தான்; நெடுங்கணக்கு சொல்லும்போது பிள்ளைகள் தடுமாறுவது அந்தக் கடைசி நான்கு எழுத்தில்தான். இடைக்கோடு மட்டும் விடுபடவே கூடாது. 111 என்று எழுதினால் 11-1 ஆ, 1-11 ஆ? முன்னது ய, பின்னது கோ!

புதையல் பெட்டிப் பூட்டின் எண், கடையத்துச் செல்லம்மாளைப் பாரதி மணந்த ஆண்டு. வாழ்க்கைக் குறிப்புத் தாளில் அது ௧௮௯௭ என்று தமிழ் எண்ணில் இருந்தது. அவர் பிறந்த 1882-ஐ வைத்திருந்தால் புதிரைத் தொடாமலே யாரும் திறந்துவிடுவார்கள். ௧, ௮, ௭ மூன்றும் க, அ, எ போலவே இருப்பதால் எழுத்தென்று வாசித்துத் திகைத்த அணிகளுக்கு, விடையைச் சொல்லிவிடாமல் பக்கத்திலிருந்த தேதித்தாளை மட்டும் காட்டிய நூலக ஊழியருக்கு எங்கள் அன்பு.

புதையலாகக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தகர டின்னில் காற்றுப் புகாமல் அடைத்துக் கொடுத்தவர்களையும், வேட்டை முடிந்ததும் தெருவைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்களையும் மறக்க மாட்டோம்.

எழுத்துக் கட்ட அட்டையும் எண் பூட்டும் பத்திரமாக இருக்கின்றன. கடையத்திலோ வேறு ஊரிலோ நடத்த விரும்பும் பள்ளிகள் கேட்டால் தருகிறோம். சொல்லையும் பூட்டு எண்ணையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
புதையல் வேட்டைக் குழுவினர்