நாற்பதுக்கு மேல் யாரும் கேட்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களுக்குச் சினைப்பையில் வரும் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை கல்யாணம், குழந்தை என்பதோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்திலும் பிள்ளை பிறந்துவிட்டால் நீர்க்கட்டி போய்விட்டது என்றே நினைக்கிறார்கள். முக்கூடல், வீரவநல்லூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அது அப்படிப் போய்விடுவதில்லை.

நாற்பதை ஒட்டி மாதவிலக்கு கொஞ்சம் ஒழுங்குக்கு வரும், சரி. ஆனால் உள்ளே இருக்கிற, இன்சுலின் சரியாக வேலை செய்யாத கோளாறு பலருக்கு அப்படியேதான் இருக்கும். அதனால் மற்றவர்களைவிட இவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். காலையிலிருந்து சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களுக்கு உடம்பை அசைக்கவும் வழியில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு, அதில் 70 சதவீதம் பேர் வரை தெரியாமலேயே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் அந்த எழுபதில்தான் இருப்பார்கள்.

"நர்சம்மா, நாலு மாசமா வரல, தொல்ல விட்டுதுன்னு இருக்கேன்" என்பார்கள். நிம்மதிதான். ஆனால் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முட்டை வெளிவராமலே மாதங்கள் கடந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அப்புறம் ஒரேயடியாகக் கொட்டும். சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் டாக்டரிடம் காட்டவேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு துளி பட்டாலும் உடனே போகவேண்டும்.

இனி எழுதுவதைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். பீடி இலை வெட்டுகிற கத்தரியாலேயே, நீர்க்கட்டியால் முளைத்த தாடை முடியை வெட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பேசும்போதெல்லாம் முந்தானை வாயை மறைத்தே இருக்கும். புருஷனை முகத்தைத் தொட விடுவதில்லை என்று, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு, சேரும்போது எரிச்சலும் வலியும் வரும். அவளுக்கு அதுவும் இருந்தது. "பேரன் எடுக்கிற வயசுல இத எப்படி டாக்டர்கிட்ட சொல்ல?" என்றாள். ஏன் சொல்லக்கூடாது? வறட்சிக்கு ஜெல் இருக்கிறது. டாக்டர் பார்த்து எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. முகத்து முடிக்கும் வைத்தியம் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ள அவசியமே இல்லை.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். அப்படி வருகிற பெண் பணியாளர்கள் நாற்பது தாண்டியவர்களிடம், தனியாக வைத்து, மாதவிலக்கு எப்படி இருக்கிறது, சேரும்போது வலி உண்டா என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்க அரசு ஏற்பாடு செய்யவேண்டும். யாராவது முதலில் கேட்டால்தான் எங்கள் பெண்கள் வாய் திறப்பார்கள். நீங்களும் ஒரு பெண் மருத்துவரிடம் இந்த வயதுக்காரர்களுக்கென்றே ஒரு கட்டுரை எழுதி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.