வண்டிப்பெரியாற்றிலிருந்து: ஆள் வராமல் எடுக்கும் ரீடிங்

அன்புள்ள நண்பா,

கம்பம் ஊரில் உன் தெருவுக்கு ஸ்மார்ட் மின் மீட்டர் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும், ரீடிங் எடுக்க ஆளே வராமல் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும் என்றும் நீ கேட்டிருந்தாய். 2021-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் இலக்கே 25 கோடி மீட்டர்கள் என்பதால், இன்றில்லாவிட்டாலும் நாளை அது உன் வாசலுக்கு வரும். இந்த மலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி ரீடிங் குறித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

புதிய மீட்டருக்குள் சிறிய ரேடியோ ஒன்று இருக்கிறது. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை நம் நாட்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். அதில் ஒரு வீட்டு மீட்டர் தன் கணக்கைப் பக்கத்து வீட்டு மீட்டரிடம் கொடுக்க, அது அடுத்ததிடம் கொடுக்க, இப்படியே கைமாறி மின்கம்பத்திலுள்ள கருவியை அடைந்து, அங்கிருந்து செல்போன் நெட்வொர்க் வழியாக அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். மீட்டருக்கு மீட்டர் சிம் கார்டு போடும் முறையும் உண்டு. இங்கே லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசையில் வீடுகள் ஒட்டியிருப்பதால் செய்தி எளிதில் நகரும்; ஆனால் அடுத்த லயம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் தொடர் அறுந்துவிடும். நனைந்த மரங்களும் இரும்புப் பெட்டியும் சிக்னலை இன்னும் குறைக்கும். ஆனாலும் கணக்கு தொலைந்துபோகாது. மீட்டர் அதை நினைவில் வைத்திருந்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவிடும்.

பூட்டிய வீட்டுக்குச் சராசரி பில் போட்டுவிட்டுத் திரும்பும் போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். அந்த உறுத்தல் இனி யாருக்கும் வேண்டியதில்லை. அதைவிடப் பெரிது இன்னொன்று. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், யாராவது போன் செய்யும் வரை லைன்மேனுக்குத் தெரியாது. இத்தகைய மீட்டர்கள் பலவற்றில், மின்சாரம் நின்ற கணமே உள்ளே சேமித்த சிறிதளவு ஆற்றலைக்கொண்டு கடைசியாக ஒரு செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. எந்தெந்த வீடுகள் இருண்டன என்று பார்த்தாலே எந்த லைன் போனது என்பது புரிந்துவிடும். எங்கள் மலைக்கு இதுதான் முதல் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அஞ்சவும் காரணம் உண்டு. மீட்டருக்குள் சுவிட்சும் இருப்பதால், அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டிக்க முடியும். நேரில் போகிறவன் படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்து இரண்டு நாள் பொறுப்பான், கணினி பார்க்காது. அரை மணிக்கு ஒருமுறை பதிவாகும் கணக்கிலிருந்து, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றுகூட ஊகித்துவிடலாம். ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து வாசித்து, அந்த விவரத்தை நுகர்வோருக்கும் தர வேண்டும் என்று 2023-இல் திருத்திய விதி சொல்கிறது. அதை நீ கேட்டுப் பெற வேண்டும்.

மாற்ற வரும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள். அதே எண்ணைச் சீட்டிலும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகே கழற்ற விடு.

என்றும் உன் நண்பன்